டேப்பக்காவும் மூக்கடைத்த சில்லுகளும்

சின்னவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆங்கிலம் மட்டும் வராது. ஆய்வுக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேசைதோறும் நிற்கும் குப்பிகளில் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் கை வெந்துபோகும் என்று தெரியாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் துடைதுணியும் கையுமாக நின்றாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், எல்லாக் குப்பிகளின் கழுத்திலும் வண்ண டேப் சுற்றியிருந்தது. சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் பச்சை.

மேனேஜர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னம்மா இது, பொம்மைக் கடை மாதிரி?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் சார்," என்றாள் அங்கேயே வேலை பார்த்த அண்ணி. "வயசாகுதில்ல? எழுத்து மங்கலாத் தெரியுது."

அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "சிவப்பு சுத்தினதுல கைய வைக்காதே. பச்சைன்னா தாராளமாத் துடை" என்று சொன்னாள், அவ்வளவுதான். உனக்காகச் செய்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அண்ணியின் கண்ணில் ஒரு குறையும் கிடையாது என்பது சின்னவளுக்குத் தெரியும். ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் வீட்டில் எல்லோரும் அவளிடம்தான் நீட்டுவார்கள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் கீழேயே நிற்கிறேன் என்று சொல்லிச் சிரிக்கிற மனிதர். அவருடைய மனைவிதான் அண்ணி. நாத்தனாரை மாடியில் குடிவைத்ததோடு நிற்காமல், தான் வேலை பார்க்கும் இடத்திலேயே சொல்லி அவளுக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள்.

அண்ணிக்கு அங்கே டேப்பக்கா என்று பெயர். பெரிய படிப்பொன்றும் இல்லை. முன்பு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குமிழி, ஒரு தூசி இல்லாமல் ஒட்டுவாள். ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டரம்மா ஒருநாள் அந்தக் கடையில் போனை நீட்டியபோது, போனைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "எங்கிட்ட வர்றியாம்மா? இதே வேலைதான். ஆனா ஒட்டுறதில்ல, உரிக்கிறது" என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உரிக்கிற வேலை இப்படி. சிலேட்டுப் போலக் கறுத்துப் பளபளக்கும் ஒரு கல் கட்டி. புத்தகத்தில் தாள் இருப்பதுபோல் அதற்குள் ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். அதன்மேல் டேப்பை ஒட்டிப் பிரித்தால் கொஞ்சம் கறுப்பு டேப்போடு வரும். டேப்பை மடித்து ஒட்டிப் பிரித்தால் அது இரண்டாகும். இப்படியே மடித்து, பிரித்து, மடித்து, பிரித்து, கடைசியில் ஒரே ஓர் ஏடு மிஞ்சும். நீளம் உண்டு, அகலம் உண்டு, கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதை நகத்தளவு சில்லு ஒன்றின்மேல் அமுக்கி, பூதக்கண்ணாடிக் கருவிக்கு அடியில் வைத்துத் தேட வேண்டும். சின்னவளுக்கு ஒருநாள் பார்க்கக் கொடுத்தாள். தண்ணீரில் எண்ணெய் விழுந்ததுபோல் ஒரு நிறம் தெரிந்தது. கடவுளின் கைவேலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமே என்று சின்னவள் செருப்பைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதே! தூசி பறக்கும்," என்று அண்ணி அதட்டினாள்.

அந்த ஏட்டை அப்படியே விடமாட்டார்கள். இன்னொரு எந்திரத்துக்குள் வைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக அதிலிருந்து அணுக்களைத் தட்டி எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டபோது சின்னவளுக்கு மனசு பொறுக்கவில்லை.

"இவ்வளவு பாடுபட்டு உரிச்சுட்டு ஓட்டை போட்டுக் கெடுக்கிறாங்களே அண்ணி?"

"ஓட்டைதான்டி அதுக்கு மூக்கு. சாக்கடைக் குழியில இறங்குறவங்க கழுத்துல மாட்டிக்கப் போற பொட்டி இது. ஓட்டை இல்லாத ஏட்டுமேல விஷக்காத்து வழுக்கிட்டுப் போயிடும். ஓட்டை இருந்தா அதுல வந்து உக்காரும். உக்காந்த உடனே பொட்டி கத்தும்."

"அப்ப நம்ம வீட்டுக் குடத்துக்கு ரெண்டு மூக்கு இருக்கு. ஒண்ணுகூடக் கத்த மாட்டேங்குது."

"அதுக்கும் சேத்து உங்கண்ணன் கத்துறாரே," என்றாள் அண்ணி.

ஓட்டை போட்ட சில்லுகள் திரும்ப அண்ணியிடம்தான் வரும். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, தன் மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் பூட்டி வைப்பாள். சோதனைக்கு வேண்டும்போது எடுத்துக் கொடுப்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கோளாறு புகுந்தது. எந்திரத்திலிருந்து வந்த கையோடு சோதித்தால் சில்லு நன்றாக மோப்பம் பிடித்தது. சில வாரம் அலமாரியில் இருந்துவிட்டு வந்தால் சளிபிடித்த மூக்குப்போல் ஒன்றும் தெரியாமல் கிடந்தது. எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள், கம்பியை மாற்றினார்கள், காற்று உருளையை மாற்றினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

மேனேஜர் ஒருநாள் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நீ கூட்டுறவ. எல்லா மூலைக்கும் போறவ. கொஞ்சம் கண்ணைத் தொறந்து வச்சுக்கோ."

"எதுக்கு சார்?"

"ஓட்டை போட்ட சிப்பை வெளியில கொடுத்துட்டு, ஓட்டை போடாத சிப்பை டப்பாவுல வச்சா, பாக்கிறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வாங்கிக்கிறதுக்கு வாயைப் பொளந்துட்டு எத்தனையோ கம்பெனி நிக்குது. உரிக்கிறது யாரு? பூட்டி வைக்கிறது யாரு? நான் பேர் சொல்லல. உங்க அண்ணியாச்சேன்னு மட்டும் பாக்காதே."

சின்னவள், "எங்க அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நாக்கு சொல்லிவிட்டது. மனசு அந்தப் பேச்சை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அண்ணி அலமாரியைத் திறந்து நிற்கும்போது சின்னவள் துடைப்பத்தோடு உள்ளே போனால், பட்டென்று கதவைச் சாத்துகிறாள். முன்பும் இப்படித்தான் சாத்தினாளா? நினைவில்லை. சாத்தும்போது ஒரு வாசனை வருகிறது. ஆய்வுக்கூடத்து வாசனை இல்லை அது, தெருவின் வாசனை.

வேலை முடிந்து இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்பார்கள். இப்போது சில நாட்களில் அண்ணி வாசலிலேயே நின்று, "நீ முன்னாடி போ. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு" என்கிறாள். அப்படிச் சொன்ன ஒரு நாள், சின்னவள் தெருமுனை மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தாள். அண்ணி நேராகப் பஞ்சர் கடைக்குப் போனாள். கடைக்காரர் காற்றடிக்கும் பம்பை விட்டுவிட்டு உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பையின் அடியில் வைத்தாள்.

வீட்டில் சைக்கிள் கிடையாது. ஸ்கூட்டர் கிடையாது. பஞ்சராவதற்கு ஒன்றுமே கிடையாது.

அன்று சாப்பிடும்போது சின்னவள் ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள். "பஞ்சர் கடையில என்ன அண்ணி வாங்குனீங்க?"

அண்ணியின் கை கரண்டியோடு ஒரு கணம் நின்றது. "முட்டிக்கு மருந்து. அந்தக் கடைக்காரர் எங்கேயோ சொல்லி வரவழைச்சுத் தர்றாரு."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பஞ்சர்காரன் முட்டிக்கும் ஒட்டுப் போடுறானா? எனக்கு ரெண்டு ட்யூபையும் மாத்தித் தரச் சொல்லு. படி ஏற முடியல."

"லிஃப்டுக்காரருக்குப் படி எதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஒன்று கொக்கிபோல் மாட்டிக்கொண்டது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று மேனேஜரிடம் கண் இமைக்காமல் சொன்ன அதே முகம், அதே குரல். அன்று அந்தப் பொய் எனக்காக. இன்று யாருக்காக? தனக்குச் செய்த நன்மையையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவைத்து அண்ணிக்கு எதிராகப் பேசவைக்கிறோமே என்று அவளுக்கே கூசியது. கூசினாலும் சந்தேகம் போகவில்லை. அண்ணி நடக்கும்போது முட்டியைப் பார்த்தாள். வலி உள்ளவள் நடையாகத் தெரியவில்லை.

காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது சின்னவள் பொதுவாக எதையும் கேட்கமாட்டாள். கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். அந்த நாட்களில் மட்டும் கேட்டாள். "ஆண்டவனே, என் கண்ணைப் பொய்யாக்கிவிடு. நான் பார்த்தது தப்பாகப் போகட்டும்."

கண் பொய்யாகவில்லை. அண்ணியின் பை அடுப்படியில் இருந்தபோது, உப்பு எடுக்கப் போனவள் பொட்டலத்தின் ஓரத்தைப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக, வளைவாக என்னவோ இருந்தது. மருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியும் அவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள். குடும்பத்து அழுக்கைக் கொல்லையில்தான் துவைக்க வேண்டும் என்று நினைக்கிறவள் அவள். அண்ணியின் வேலை போனால் தன் வேலையும் போகும். வேலை போனாலும் போகட்டும், அண்ணன் வீட்டு மாடிப்படியில் எந்த முகத்தோடு ஏறுவது? ஆனால் அந்த வாரம் சாக்கடைக் குழியில் சோதனை வைத்தார்கள். இறங்கியவர் பழைய கனமான பெட்டியையும் இடுப்பில் கட்டியிருந்தார், புதிய பெட்டியையும் கழுத்தில் மாட்டியிருந்தார். பாதி ஏணியில் பழையது அலறியது. கயிற்றைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார்கள். புதியது கடைசிவரை மூச்சு விடவில்லை. அந்த மனிதர் ஆய்வுக்கூட வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததைச் சின்னவள் பார்த்தாள். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு இறங்கியிருந்தால்?

அவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். பஞ்சர் கடை, பொட்டலம், சாத்தும் கதவு, எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணியிடம் முதலில் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டு, அண்ணி இன்னொரு பொய் சொல்லிவிட்டால் அதைத் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

மேனேஜர் டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணியிடம் சாவி கேட்டார்கள். அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் வாசல் ஓரம் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அலமாரி திறந்தது. ஒவ்வொரு டப்பாவின் வயிற்றிலும் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். சைக்கிள் ட்யூபை வட்ட வட்டமாக வெட்டி இறுக்கிப் போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூடிக்கு உள்ளேயும் ஒரு ட்யூப் துண்டு மெத்தைபோல் வைத்திருந்தது.

"இது என்னம்மா அடையாளமா? எது உள்ள இருக்கணும், எது வெளிய போகணும்னா?" என்று மேனேஜர் குதித்தார்.

"மூடி நிக்கல சார்," என்றாள் அண்ணி. "இப்ப வாங்கின டப்பாவெல்லாம் மூடி லூசு. போன மழைக்காலத்துல ஒரு டப்பா வழியிலயே திறந்து, இங்க ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு ஆறு மாசம் பண்ணின சிப்பெல்லாம் தரையில கொட்டிடுச்சு. அது உக்காந்து அழுததை நீங்களும் பாத்தீங்க. ஸ்டோர்ல வேற டப்பா கேட்டேன். வரும் வரும்னாங்க, வரல. சாதா ரப்பர் பேண்டு போட்டா நாலு நாள்ல அத்துப் போகுது. வெளிப் பொருள் எதையும் உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம். அதான் யாருக்கும் தெரியாம..."

"கதை நல்லாருக்கு," என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா ஒரு டப்பாவை எடுத்து, வளையத்தைக் கழற்றி, மூடியைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சைக்கிள் ட்யூப்," என்றார் தனக்குத்தானே. "ரப்பர்ல கந்தகம் கலப்பாங்க. நாம ஏட்டுலருந்து தட்டி எடுக்கிற அணுவும் கந்தகந்தான்." நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "அம்மா, நீ மூடியை மட்டும் மூடல. நாங்க போட்ட ஓட்டையையும் மூடிட்டியோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

சின்னவளுக்கு அது அப்போது முழுதாகப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மூடிய டப்பாவுக்குள் ரப்பரிலிருந்து கந்தகம் மெல்ல மெல்லக் கசிந்து, ஏட்டில் காலியாகக் கிடந்த இடங்களில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏடு குறையில்லாத ஏடாக ஆகிவிட்டது. விஷக்காற்று வந்தபோது உட்கார இடமில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று கட்டிய கட்டுதான் மூக்கை அடைத்திருக்கிறது.

"இதை அப்படியே நம்பிடறதா?" என்றார் மேனேஜர்.

"நம்ப வேண்டாம். சோதிச்சுப் பாப்போம்," என்றார் டாக்டரம்மா. புதிதாக ஓட்டை போட்ட சில்லுகளில் பாதியை ரப்பரோடும் பாதியை ரப்பர் இல்லாமலும் வைத்துத் தன் கையாலேயே பூட்டினார். முடிவு தெரியும்வரை அண்ணி வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாட்கள் வீட்டில் நெருப்பில்லாமல் புகைந்த நாட்கள். அண்ணி வீட்டைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். அண்ணன் சிரிப்பை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

"எவன் போய் வத்தி வச்சான்? எனக்கு அது தெரியணும்," என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார்.

சின்னவள் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தாள்.

"யாரும் வைக்கல," என்றாள் அண்ணி. "அலமாரியத் திறந்தா பஞ்சர் கடை நாத்தம். மூக்கு இருக்கிற யாருக்கும் தெரியும். நீங்க சாப்பிடுங்க."

தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? சின்னவள் அண்ணியின் முகத்தைத் துழாவினாள். அண்ணி மோர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டு இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இப்போது மன்னிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை. மாடி ஏறும்போது, கீழே தன்னைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று படியில் நின்று கேட்டாள். கீழே தண்ணீர்க் குழாய் சத்தம்தான் கேட்டது.

முடிவு வந்தது. ரப்பரோடு இருந்தவை ஊமையாகிவிட்டன. ரப்பர் இல்லாதவை நன்றாக மோப்பம் பிடித்தன. டாக்டரம்மாவே வீடு தேடி வந்து சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஒரு சிப்கூட வெளிய போகல. நான் கொஞ்ச நாள் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா" என்றார்.

"நான் சொல்லாம கொண்டுவந்ததும் தப்புதானேம்மா," என்றாள் அண்ணி. "அந்தச் சாக்கடைக்காரர் நல்லா இருக்காரா?"

நல்ல மூடியுள்ள டப்பாக்கள் உடனே வந்தன. அண்ணியும் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் மேனேஜர் ஒன்று செய்தார். இனிமேல் யார் மேலும் பழி வராமல் இருக்கட்டும் என்று சொல்லி, அண்ணியின் மேசைக்கு நேர் மேலே ஒரு கேமராவை மாட்டினார்.

உரிக்கிற வேலை மூச்சைக் கட்டிச் செய்கிற வேலை. டேப்பை இழுக்கும்போது கை ஒரே சீராகப் போக வேண்டும். கேமரா வந்தபிறகு அண்ணிக்கு ஏடு கிழிய ஆரம்பித்தது. இழுக்கும் நேரத்தில் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது என்றாள். "கை கூசுது," என்றாள். டாக்டரம்மா கேமராவைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். கேமரா இருந்த இடத்தில் ஆணி ஓட்டை இருந்தது. அண்ணி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உரித்தாள். ஏடு கிழிந்தது.

சின்னவள் எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தாள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, ஒன்றாக நடந்து வரும்போது. அண்ணி ஏதாவது வேறு பேச்சை எடுத்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை திட்டியிருக்க மாட்டாளா? தெரியாவிட்டால் ஏன் பேச்சை மாற்றுகிறாள்? ஒரே வீட்டில் ஒரே உப்பைத் தின்றுகொண்டு, ஒருத்தியின் முகத்தை இன்னொருத்தி திருடிபோல் பார்த்துக்கொண்டு காலம் ஓடியது.

அண்ணனுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் வேலை வந்தது. முன்பானால் அண்ணி போகச் சம்மதித்திருக்க மாட்டாள். இப்போது, "போவோம்" என்று முதலில் சொன்னவளே அவள்தான். அங்கே ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிற வேலை கிடைக்காமலா போகும் என்றாள். டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கை போயிடுச்சும்மா," என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். வீடு சின்னவள் பொறுப்பில் நின்றது.

பேருந்து நிலையத்தில் அண்ணன் பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். இதுதான் கடைசிப் பார்வை என்பது கடவுளுக்கு மட்டும் தெரிந்த நேரம் அது. போன ஊரில் அடுத்த கோடையிலேயே காய்ச்சலில் படுத்த அண்ணி எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, அன்னிக்கு மேனேஜர்கிட்ட..." என்று ஆரம்பித்த சின்னவளுக்கு அதற்குமேல் வரவில்லை.

"தெரியும்டி," என்றாள் அண்ணி. "நீ கதவோரம் பக்கெட்டைப் புடிச்சுட்டு நின்ன லட்சணமே சொல்லிடுச்சு. குழியில இறங்குன ஆளைப் பாத்துட்டுத்தான் போய்ச் சொன்னே. அதுவும் தெரியும். நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

வண்டி உறுமியது. கண்டக்டர் விசிலை ஊதினார். அண்ணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அழுதுகொண்டிருந்தவளின் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"இனிமே சந்தேகப்படணும்னா எங்கிட்ட வந்து சந்தேகப்படு. அடுத்தவங்ககிட்டப் போய்ப் படாதே."